அவன் திரைக்கு ஓர் இளநீலம்

அவன் உள்ளே வந்திருந்தான்.

அலுவலக சர்வரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையைத் தட்டியதும், அவள் பெயருக்குக் கீழே அவன் பெயர் வந்து நின்றது. ஜெபராஜ். சென்னைக்கு மாற்றலாகிப் போனபின் இந்தக் கோவை சர்வருக்குள் இன்றுதான் எட்டிப் பார்க்கிறான்.

பாழாய்ப்போன நெஞ்சு. ஒரு பெயரைப் பார்த்ததற்கு இப்படியா அடித்துக்கொள்ளும்?

பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்த காலத்தில் இருவருக்குமென்று ஒரு பாஷை இருந்தது. எஸ்கேப் குறியீட்டில் தொடங்கும் குட்டிக் கட்டளை வரி ஒன்று. இங்கிருந்து அனுப்பினால், அங்கே அவன் டெர்மினல் திரையின் கறுப்புப் பின்னணி வேறு நிறமாகிவிடும். எழுத்து ஒன்றும் விழாது. விண்டோவை மூடினால் தடயமும் இருக்காது.

மஞ்சள் என்றால், டீ குடிக்கப் போகலாம்.

சிவப்பு என்றால், மேனேஜர் பின்னால் நிற்கிறார்.

இளநீலத்தைத் தொடங்கியது அவன்தான். இதற்கென்ன அர்த்தம் என்று அவன் மேஜைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"சும்மாதான். எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லணுமா என்ன?"

சொல்லியிருக்கலாம். அவளாவது விடாமல் கேட்டிருக்கலாம். அவனுடைய பிரிவுபசார விழாவன்று இரண்டு பேரும் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றார்கள்.

இளநீலத்துக்கான வரியைத் தட்டினாள். விரல்கள் மறக்கவில்லை.

என்டர்.

அனுமதி மறுக்கப்பட்டது.

வேறு யாரும் தன் திரையைத் தொடாதபடி அவன் தாழ் போட்டிருந்தான். இந்த சர்வரில் அது தானாக விழாது. உள்ளே வருகிறவர்தான் போட வேண்டும்.

அவள் இந்த சர்வரின் நிர்வாகி. கட்டளைக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் எந்தத் தாழும் திறக்கும்.

சேர்த்தாள்.

பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். கதவை உடைத்துக்கொண்டு போய் நின்று, சும்மாதான் வந்தேன் என்றா சொல்வது?

கண் நிறைந்தது. நிறைந்தால் நிறையட்டும், போ.

கண்ணைத் துடைத்தபோதுதான் உறைத்தது. இந்த விளையாட்டு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். வந்ததும் முதல் வேலையாகத் தாழைத் தேடிப் போட்டிருக்கிறான்.

மறந்துபோனவனுக்குத் தாழ் எதற்கு?

அவன் ஏதாவது நிறம் அனுப்பினால் வந்து விழ, தன் பக்கத்துத் தாழ் திறந்திருக்கிறதா என்று பார்த்தாள். திறந்துதான் இருந்தது.

உடன் வேலை செய்பவர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்க, எனக்குப் பசிக்கல" என்றாள், தன் கறுப்புத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.