வரவே முடியாத சோதனை

"முனியராஜ், வேனை மரத்தடிக்கே கொண்டு போ. ஒரு ஆளு கண்ணுல படக் கூடாது."

விஸ்வநத்தம் அருகே தன் பட்டாசு ஆலை முற்றத்தில் நின்று முதலாளி ஜெயச்சந்திரன் விரட்டிக்கொண்டிருந்தார். வேப்ப மரங்களுக்கு அடியில் வெடிமருந்துத் தட்டும் கையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வேனுக்கு ஓடினார்கள்.

அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். ஆனால் அறைகளில் எல்லாம் தீபாவளிச் சரக்கு அடைந்து கிடந்தது. அதனால் ஆட்கள் மரத்தடியில். ஒரு தட்டில் பொறி பட்டால் போதும், மொத்தப் பேரும் போய்விடுவார்கள்.

சோதனை வரும் நாள் எப்போதும் முன்னாலேயே கசிந்துவிடும். அன்றைக்கு மட்டும் ஆட்களை வேனில் ஏற்றி வெளியே அனுப்பிவிடுவார். இந்த முறை நாள் கசியவில்லை. புதிதாக வந்த பெண் அதிகாரி போனிலேயே சொல்லிவிட்டார்: "திங்கள்ல இருந்து சனிக்குள்ள ஒரு நாள் கட்டாயம் வருவேன். எந்த நாள்னு முந்தின நாள் சாயங்காலம்கூட உங்களால கண்டுபிடிக்க முடியாது."

இன்று திங்கள்.

"வாரம் பூரா ஆளுகள வெளியே அனுப்பினா ஆர்டர் எப்படி அண்ணாச்சி முடியும்?" என்றார் மேனேஜர் சங்கையா.

"அனுப்பவே வேண்டாம். அவங்களால வர முடியாது," என்றபடி ஆபீஸ் அறையிலிருந்து வந்தாள் ஸ்ரீமதி. ஜெயச்சந்திரனின் மகள். கணக்குப் பாடத்தில் மேல்படிப்பு முடித்தவள்.

"என்னம்மா சொல்ற?"

ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றி வந்த காலண்டரையும் சிவப்புப் பேனாவையும் அவள் நீட்டினாள். "வெள்ளி சாயங்காலம் வரைக்கும் வரலைன்னு வைங்க. மிச்சம் எந்த நாள்?"

"சனி."

"அப்ப முந்தின நாளே நமக்குத் தெரிஞ்சு போச்சு. கண்டுபிடிக்க முடியாத நாள்லதான வருவேன்னாங்க. சனிக்கிழமை வர முடியுமா?"

ஜெயச்சந்திரன் யோசித்தார். "முடியாது."

"சனியை அடிங்க. இப்பக் கடைசி நாள் வெள்ளி. வியாழன் சாயங்காலம் வரை வரலைன்னா?"

"வெள்ளிதான்னு தெரிஞ்சிரும்." அவர் குரல் ஏறியது. "அப்ப வெள்ளியும் போச்சு."

மிச்சத்தை அவரே அடித்தார். வியாழன், புதன், செவ்வாய். ஒவ்வொரு கோட்டுக்கும் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. "இன்னைக்கும் போச்சுய்யா சங்கையா. அந்தம்மா வாயாலயே மாட்டிக்கிட்டாக."

"எங்கனயோ இடிக்குதே அண்ணாச்சி."

"எங்கன இடிக்குது? காட்டு பாப்போம்."

சங்கையா காலண்டரை உற்றுப் பார்த்தார். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு கோடும் தப்பில்லை. தலையைச் சொறிந்தார்.

"ஏலே முனியராஜ், எல்லாரையும் எறக்கு. வேலை நடக்கட்டும்."

வேனிலிருந்து இறங்கிய இருளம்மாள் நேரே ஸ்ரீமதியிடம் வந்தாள். "ஏன் தாயி, அந்தம்மா வந்து பாத்தாலாவது எங்களுக்கு விடிவு வரும்னு இருந்தோம். அதுலயும் மண்ணள்ளிப் போட்டியே. போன மாசம் எங்களுக்காக அப்பாகிட்ட மல்லுக்கட்டுனது நீதானா?"

"வேலையைப் பாருங்கக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்ரீமதி உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹாரன் அடிக்காமல் ஒரு ஜீப் உள்ளே நுழைந்தது. மரத்தடியில் எல்லாரும் இருந்தார்கள். ஜெயச்சந்திரன் அப்போதுதான் மோர்ச் சோற்றில் கை வைத்திருந்தார்.

அதிகாரி நேராக மரத்தடிக்குப் போனார். படம் எடுத்தார். அறைகளைத் திறக்கச் சொன்னார்.

"சரக்கு பூராவும் இன்னைக்கே கிடங்குக்குப் போகணும். அதுவரைக்கும் வேலை நடக்கக் கூடாது. இனி மரத்தடியில ஒரு ஆளைப் பாத்தேன்னா லைசென்ஸ் கிடையாது." சொன்னதோடு போகவில்லை. கடைசிப் பெட்டி லாரியில் ஏறும் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அறைக்கு நாலு பேராகப் பெண்கள் உட்கார்ந்தார்கள். இருளம்மாள் காலை நீட்டி, இரண்டு பக்க வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். "நம்ம தட்டுல இன்னொருத்தி தட்டு இடிக்கல. இப்பத்தான்டி எனக்கு மூச்சே வருது." வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது.

ஆபீஸில் ஜெயச்சந்திரன் காலண்டரையே முறைத்துக்கொண்டிருந்தார். "எல்லா நாளையும் அடிச்சோமே ஸ்ரீமதி. எப்படி வந்தாக?"

"வரவே மாட்டாங்கன்னு நம்பிட்டீங்க. அப்படி நம்பினவருக்கு எந்த நாள் வந்தாலும் எதிர்பாராத நாள்தானப்பா. அவங்க சொன்ன சொல் மாறலை."

"ஒவ்வொரு கோடும் சரியாத்தான இருந்துச்சு?"

"நமக்கு வேணுங்கிற விடை வந்துட்டா, வந்த வழியை யாரும் திரும்பிப் பாக்கிறதில்ல."

அவர் மெல்லத் திரும்பினார். "இதுல ஓட்டை இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"காலேஜ்லயே தெரியும்ப்பா. அதனாலதான் அந்தம்மாகிட்டப் புகார் சொல்லப் போனப்பவே, 'வாரத்தைச் சொல்லிட்டு நாளை மட்டும் சொல்லாம விடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்'னு கேட்டுக்கிட்டேன்."