நாலு விளக்கும் எரியுது

மூன்று மணி நேரமாக வயர்லெஸ் ரேடியோவில் ஒரு குரலும் வரவில்லை. மழைக்காக அதைப் பாலிதீன் பையில் சுற்றி, அதற்கு மின்சாரம் தரும் பவர் பேங்க்கை மட்டும் கையோடு வைத்திருந்தான் ப்ளாசிடோ.

புயலில் சாய்ந்த செல்போன் கோபுரத்தைச் சரிசெய்ய அவனும் மைத்துனன் கிரிஸ்பினும் மலைமேல் இருந்தார்கள். கீழே பிரசவ விடுதியில் அவன் மனைவி பெர்லிதா. வலி எடுத்தால் அவள் ரேடியோவில் கூப்பிடுவாள், சார்ஜை மிச்சம் பிடிக்க அவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பான் என்று ஏற்பாடு.

“மச்சான், அக்காவை நாமளே கூப்பிட்டா என்ன?”

“பேசினா சார்ஜைக் குடிச்சிரும்டா. சும்மா கேட்டுக்கிட்டிருந்தா ரெண்டு நாள் தாங்கும்.”

“அதுக்குத்தான் பெரிய பேட்டரியைத் தூக்கிட்டு வரச் சொன்னேன். இது போனுக்குப் போடுற பவர் பேங்க்!”

“மூணு கிலோவை யாரு சுமக்கறது, நீயா? கூப்பிடலைன்னா வலி வரலைன்னு அர்த்தம்.”

சொன்னானே தவிர, ப்ளாசிடோவுக்குச் சோறு இறங்கவில்லை. எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று பார்க்கப் பவர் பேங்க்கின் பொத்தானை அழுத்தினான். நான்கு விளக்குகளும் எரிந்தன.

“பாத்தியா? ஒரு விளக்குகூடக் குறையலை!”

அதே நொடியில் பைக்குள் ரேடியோ ‘பீப்’ என்றது.

“மச்சான்... அது ஆன் பண்ணும்போது வர்ற சத்தமாச்சே?”

ப்ளாசிடோவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோ இழுப்பது துளி மின்சாரம். போனில் சார்ஜ் நிரம்பிவிட்டது என்று நினைத்து, பவர் பேங்க் மூன்று மணி நேரம் முன்பே தானாக அணைந்திருக்கிறது; இப்போது பொத்தானை அழுத்தியதும்தான் ரேடியோவுக்கு மறுபடி உயிர் வந்திருக்கிறது!

பைக்குள்ளிருந்து பெர்லிதாவின் களைத்த குரல் வந்தது.

“மூணு மணி நேரமா நான் தனியாக் கத்தினேன். இப்ப உன் பொண்ணும் சேர்ந்து கத்துறா. கேக்குதா, இல்ல இன்னும் சார்ஜை மிச்சம் பிடிக்கிறியா?”