பத்தில் ஒரு துண்டு

வலிப்பு மாத்திரைக்கான மருந்துப் பொடியையும் பிசினையும் உருக்கிக் கலந்து கம்பியாகத் தள்ளும் இயந்திரம் அவர் பொறுப்பு. அந்தக் கம்பியைப் பத்து இடத்தில் வெட்டிச் சோதிப்பது அவள் பொறுப்பு.

“ஒன்பது துண்டுல மருந்து சரியா இருக்கு. ஒண்ணுல பாதிதான் இருக்கு. கலவை சரியில்ல, மறுபடி ஓட்டுங்க.”

“சராசரி சரியாத்தானே வருது, மேடம்?”

“மாத்திரை போடுறவங்க சராசரியையா முழுங்குறாங்க? அந்த ஒண்ணு கிடைச்சவங்களுக்கு வலிப்பு வந்தா?”

“காலையிலேர்ந்து நின்ன கால்ல நிக்கிறேன். ஈவு இரக்கமே கிடையாதா உங்களுக்கு?”

அவள் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அவருக்குக் கோபம் ஆறவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல், தினமும் செய்வதுபோல மனைவிக்குத் தண்ணீரும் வலிப்பு மாத்திரையும் எடுத்துவந்தார். அட்டையைப் பிதுக்கும்போது அதிலிருந்த தங்கள் கம்பெனிப் பெயர் கண்ணில் பட்டது. கை அப்படியே நின்றுவிட்டது.

“இது அந்த ஒண்ணா இருந்துட்டா?”

“இருக்காதுங்க” என்றாள் மனைவி. “அதையெல்லாம்தான் உங்ககூடச் சண்டை போட்டு நிறுத்திடுறேனே.”

அவர் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மெல்ல மூடிவிட்டார்.

“நாளைக்கு இருபது துண்டா வெட்டிப் பாருங்க, மேடம்.”