அட்டையின் மறுபாதி

மருந்துக்கடையில் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்த மாத்திரையை இரண்டு வேளை விழுங்கியதும் கோமளவல்லியின் கணவருக்கு நாக்கு குழறியது. டாக்டர் எழுதியது ஒன்று, கடையில் கொடுத்தது வேறு. வழக்குப் போட உரிமை உண்டு என்ற வக்கீல், அவளிடமிருந்த அட்டைத் துண்டைப் பார்த்துக் குழம்பினார். "இதுல மாத்திரை பேரே இல்லையேம்மா. பேரு இருக்கிற பாதிய வாங்கிட்டு வாங்க."

கடைக்காரர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீதிய அன்னைக்கே வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சே."

"அவருக்காவது எழுதியிருந்தது இதுதானா?"

அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் காலி அட்டையை நீட்டினார். அதில் பெயர் இருந்தது. அதன் வெட்டு, அவளுடைய துண்டோடு பொருந்தும்படி கோணலாக வளைந்திருந்தது.

"இதே... மாத்திரை... இன்னும் நாலு," என்று குழறினார் பெரியவர்.

கடைக்காரர் கத்தரியைத் தேடினார்.