மேடம் மெஷினைத் தொடவில்லை

வேக்குவம் கிளீனர் வாங்க வந்ததிலிருந்து அந்த அம்மா மெஷினைத் தொடவே இல்லை. பட்டுப்புடவை சரசரக்க ஷோரூம் சோபாவில் உட்கார்ந்தார். ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டார். அப்புறம் விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஓடி ஓடி மெஷினை இழுத்ததெல்லாம் கூட வந்த பெண்தான். நதியா என்று பேர். சாயம் போன சுடிதார், முழங்கை வரை சுருட்டிவிட்ட கை.

சேல்ஸ்மேன் மாரிசெல்வம் வாசலிலேயே கவனித்துவிட்டான். சின்னமனூரிலிருந்து தேனிக்குக் காரை ஓட்டி வந்ததே அந்தப் பெண்தான். இறங்கிய மேடம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி படியேறினார்.

காரோட்டவும் இவள், வீடு கூட்டவும் இவளா? அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வீட்டில் வேலை பார்த்து அவனைப் படிக்கவைத்தவள் அவன் அம்மா.

கவுண்டரிலிருந்து மேனேஜர் நாகராஜ் கண்ணைக் காட்டினார். பெரிய மெஷினைத் தள்ளிவிடு என்று அர்த்தம். அதை விற்றால் மாரிசெல்வத்துக்குத் தனி இன்சென்டிவ். இந்த மாதம் இன்னும் ஒன்றுகூடப் போகவில்லை.

டெமோவுக்கு வைத்திருந்த பவுடரை அவன் தூவப்போனான். மேடம் தடுத்துவிட்டார்.

“இந்தப் பவுடரு எங்க வீட்டுல ஏதுப்பா? ஆத்தா, அந்தப் பையை எடு.”

நதியா பையைக் கவிழ்த்தாள். மிக்சர் தூள், தலைமுடி, காய்ந்த திராட்சைக் காம்பு, தோட்டத்துச் செம்மண். கார்ப்பெட்டில் ஒரு கை, டைல்ஸில் ஒரு கை. ஹாலில் துபாய் கார்ப்பெட், மற்ற இடமெல்லாம் டைல்ஸ், இரண்டுக்கும் ஒரே மெஷின் ஒத்துவரணும் என்று மேடம் சொல்லிவிட்டார்.

முதல் மெஷின் டைல்ஸில் நன்றாகத்தான் ஓடியது. கார்ப்பெட்டில் ஏறியதும் முடியை இங்கிருந்து அங்கே தள்ளி விளையாடியது.

இரண்டாவது மெஷினுக்கு வேகம் அதிகம். கார்ப்பெட் ஓரத்தைக் கவ்வியது. பின்னாலேயே நதியாவின் துப்பட்டாவையும் கவ்வியது. அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, மாரிசெல்வம் துப்பட்டாவின் இன்னொரு முனையை இழுக்க, ஃபிரிட்ஜ் வாங்க வந்த ஒரு ஜோடி ஓடிவந்து ஆளுக்கொரு பட்டனை அமுக்கியது. யார் அமுக்கியது சரியான பட்டனோ, மெஷின் நின்றது. சோபாவில் மேடத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

மூன்றாவது, அந்தப் பெரிய மெஷின். மண், முடி, காம்பு எல்லாம் ஒரே இழுப்பில் காணோம். நாகராஜ் முகம் மலர்ந்தது. ஆனால் அதைத் தூக்கிப் பார்த்த நதியாவுக்கு மூச்சு வாங்கியது.

மாரிசெல்வத்துக்கு மனசு கேட்கவில்லை. மெஷினைத் துடைக்கிற மாதிரி குனிந்து மெல்லச் சொன்னான்.

“அக்கா, மேடம் என்ன சொன்னாலும் இது வேணாம்னுருங்க. மாடிப்படியில ஏத்தி எறக்கப் போறது நீங்கதான்.”

“ஆமா தம்பி, நான்தான்” என்றாள் நதியா.

இன்சென்டிவ் போனால் போகட்டும் என்று உள்ளே போய் இன்னொன்றை எடுத்துவந்தான். ஒயர் கிடையாது. துடைப்பம் மாதிரி ஒற்றைக் கையில் தூக்கலாம். முன்னால் ஒரு பச்சை விளக்கு, கண்ணுக்குத் தெரியாத தூசியையும் காட்டிக்கொடுத்துவிடும். நாகராஜ் அங்கிருந்து முறைத்தார். அவன் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

நதியா அதைப் பிடித்தாளோ இல்லையோ, கால் தரையில் நிற்கவில்லை. கார்ப்பெட்டிலிருந்து டைல்ஸுக்கு, டைல்ஸிலிருந்து சோபாவுக்கு அடியில். கடை திறந்த நாளிலிருந்து கிடந்த தூசியெல்லாம் பச்சை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. நாகராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபிரிட்ஜ் ஜோடி கைதட்டியது. ஜோடியில் மனைவி அங்கிருந்தே தனக்கும் ஒன்று எடுத்துவைக்கச் சொல்லிவிட்டாள்.

“ஓரத்துல ரெண்டு முடி கெடக்கு பாரு ஆத்தா” என்றார் மேடம், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

நதியா மறுபேச்சில்லாமல் போய் அதையும் எடுத்தாள். மாரிசெல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு மேடத்திடம் வந்தான். வசதியானவர்கள் எல்லாம் இப்போது இதைத்தான் வாங்குகிறார்கள் என்று அளந்துவிட்டான். பெரிய மெஷின்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார் என்று எதிர்பார்த்தான்.

“பிடிச்சுப் பாத்தவளுக்குச் சரின்னா எனக்கும் சரி” என்றுவிட்டார் அவர்.

பரவாயில்லையே என்று நினைத்தபடி பில் புத்தகத்தைத் திறந்தான்.

“பில்லு உங்க பேருல போட்டுரவா மேடம்?”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“எம் பேரு ஜக்கம்மா தம்பி. இவுக வீட்டுல வேலை பாக்குறேன். வீட்டுக்காரவுக இவுகதான்.”

மாரிசெல்வத்தின் பேனா நின்றுவிட்டது.

நதியா போனை எடுத்து ஸ்கேன் செய்தபடியே சொன்னாள். “அக்காவுக்கு முட்டி ஆப்பரேசன் ஆயிருக்கு. ஆறு மாசம் குனியக் கூடாதுன்னுட்டாக. வேற ஆளு வைப்போம்னா, தன் வேலை போயிருமோன்னு அழுகுறாக.”

“அப்ப வீட்டு வேலையெல்லாம்...?”

“வேலை எனக்கு, சம்பளம் அக்காவுக்கு” என்றாள் நதியா. “கூட்டுனது சரியில்லன்னா திட்டுறதும் அவுகதான்.”