ஒன்பதாம் மேஜைக் கள்ளி

"அந்த ஆள் மறுபடியும் வந்துட்டான், பாத்தியா?"

லிஃப்ட் மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, கள்ளித் தொட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான். செடிக் கண்காட்சி தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒன்பதாம் மேஜைக்கு எதிரில் ஆஜராகிவிட்டார்.

ஆறு வருடமாக இதே கூத்துதான். மண்டபத்தில் இருநூறு செடி இருந்தாலும் அவர் எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். நேராக இங்கே வருவார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், போவார், திரும்பவும் வருவார்.

காரணம் மெக்கானிக்குக்குத் தெரியாதா என்ன? அந்தக் கள்ளி அப்படிப்பட்டது. பூசணிக்காய் அளவு உருண்டை, உடம்பெல்லாம் தேன் நிறத்தில் முள், உச்சந்தலையில் வெள்ளைப் பஞ்சுக் குல்லா. வயது ஐம்பத்திரண்டு. விதை போட்டு முளைக்கவைத்தவர் அப்பா. அவர் போன பிறகு வீட்டில் மெக்கானிக், அவன் அக்கா, இந்தக் கள்ளி, ஆக மூன்று பேர்தான்.

"நாம கொஞ்சம் அசந்தா தூக்கிட்டுப் போயிடுவான், பாரு."

"சும்மா இருடா. அவரைப் பாத்தா செடி திருடற ஆள் மாதிரியா இருக்கு?" என்றாள் அக்கா. பார்வையாளர்கள் கையெழுத்துப் போடும் நோட்டில் அவள் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் அவர் மேஜையருகே வந்து குனிந்தார். "இந்த வருஷம் கத்தாழை நல்லா செழிப்பா இருக்குங்க."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அவர் அந்தப் பக்கம் நகரும்வரை பொறுத்திருந்து அக்காவின் காதைக் கடித்தான். "கேட்டியா? ஆறு வருஷமா வர்ற ஆளு, கள்ளியைக் கத்தாழைங்கறான். ஒண்ணும் தெரியாத அப்பாவின்னு நாம நம்பணுமாம். சரியான கில்லாடி."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு கோடு கிழித்தாள்.

நடுவர்கள் எட்டாம் மேஜையில் இருந்தபோதுதான் அது நடந்தது. மெக்கானிக் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். திரும்பி வரும்போது மடக்கு மேஜையின் கால் ஒன்று மடங்க, அக்கா உட்கார்ந்திருந்த பக்கமாக மேஜை சரிந்து, பன்னிரண்டு கிலோ தொட்டி வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தான்.

கடைக்காரர் எங்கிருந்துதான் பாய்ந்தாரோ தெரியாது. வெறும் கையால் கள்ளியைக் கட்டிப் பிடித்து நிறுத்திவிட்டார். கள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் உள்ளங்கைதான் சல்லடையாகிவிட்டது.

அக்கா முள்வாங்கியைக் கொண்டுவந்து நீட்டினாள். "நீயே எடுத்துவிடுடா" என்றாள். அந்தக் கையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெக்கானிக்கும் கடைக்காரரும் சுவரோரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் அவர் கையை மடியில் வைத்து ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினான்.

"இவ்வளவு ஆசையா உங்களுக்கு?" என்றான், தலை நிமிராமல்.

அவர் முகம் சிவந்துபோயிற்று. "உங்களுக்குத் தெரியும்னு நான் நினைக்கவே இல்லைங்க."

"ஆறு வருஷமா பாக்கறேன். எனக்கென்ன கண்ணு இல்லையா?"

"கேட்டுடணும்னுதான் ஒவ்வொரு வருஷமும் கிளம்பி வர்றேன். உங்க முகத்தைப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்குது."

"எங்கப்பா கடைசியில என் கையைப் பிடிச்சு, பத்திரம்டான்னு சொல்லிட்டுப் போனாரு. இத்தனை வருஷமும் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டேன். திடீர்னு தூக்கிக் குடுன்னா எப்படி?"

"நியாயம்தாங்க."

மெக்கானிக் இன்னும் நாலைந்து முள்ளைப் பிடுங்கினான்.

"உங்க வீட்ல யார் யாரு?"

"நான் ஒருத்தன்தான்."

"வெயில் வருமா?"

அவர் ஒரு கணம் விழித்தார். "வருமே. தெக்குப் பாத்த வீடு. காத்தும் குறைவில்லை."

"குளிர் ஆகாது. இடம் மாறினா கொஞ்ச நாளைக்கு வாட்டமாத்தான் இருக்கும், பயந்துடக் கூடாது. கிட்டப் போறப்ப பாத்துப் போகணும், சுருக்குனு விழும்."

"அதெல்லாம் பழகிப்போச்சுங்க" என்று சிரித்தார் அவர்.

"ஞாயித்துக்கிழமை ஆனா நான் வந்து நிப்பேன்."

"நீங்க வராம இருந்தாத்தான் எங்களுக்கு வருத்தம்."

கடைசி முள்ளும் வந்துவிட்டது. மெக்கானிக் அந்தக் கையை உடனே விடவில்லை. தான் பக்கத்தில் இருந்திருந்தால் முதலில் கையுறையைத்தான் தேடியிருப்போம் என்று அவனுக்குத் தோன்றியது. இந்த மனிதரைப் போய்த் திருடன் என்று நினைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"சரி" என்றான். "மனசாரச் சொல்றேன். இனிமே உங்க பொறுப்பு. நல்லா பாத்துக்குங்க."

கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

மெக்கானிக் விறுவிறுவென்று மேஜைக்குப் போனான். மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பழைய செய்தித்தாளை எடுத்துக் கள்ளியைச் சுற்றத் தொடங்கினான். கடைக்காரரும் பின்னாலேயே ஓடிவந்தார். ஆனால் தொட்டியருகே நிற்கவில்லை. அதைத் தாண்டி நேராக அக்காவிடம் போய், தணிந்த குரலில் சொன்னார்:

"உங்க தம்பி சம்மதிச்சுட்டாருங்க."