சந்துரு கேட்ட சாய்தளம்

சந்துருவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் எங்கள் வியாபாரிகள் சங்கக் கட்டடத்தின் முன்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தலைவர் மயில்சாமியின் ஜீப்பை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஜீப்பு நிக்கற இடத்துலதானுங்க சாய்தளம் வரோணும்."

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் இந்திய அணி வரைக்கும் ஆடியவர். ஆட்டத்தை விட்ட பிறகு ஊர் ஊராகத் தன்னம்பிக்கைப் பேச்சு. கோயமுத்தூரில் அவர் பேசினால் டிக்கெட் வைப்பார்கள். அப்படிப்பட்டவர் தானாகவே மயில்சாமிக்கு போன் போட்டு, "உங்க ஆண்டு விழாவுல வந்து பேசறனுங்க, பணம் எதுவும் வேண்டாம்" என்றிருந்தார்.

நீலகிரி மலைமேல் கட்டபெட்டில் இருக்கும் எங்களை அதுவரை யாரும் அப்படித் தேடி வந்ததில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

"ஏழெட்டுப் படிதானுங்களே," என்றார் மயில்சாமி. "நம்ம பசங்க நாலு பேரு மாப்பிள்ளையைத் தூக்கற மாதிரி நாற்காலியோட தூக்கிருவாங்க."

"தூக்கறதா இருந்தா நான் வரலைங்க."

"பலகை போட்டுத் தள்ளிட்டா?"

"சிமெண்ட்டுதானுங்க. ஒரடி உயரத்துக்குப் பன்னண்டு அடி நீளம். ரெண்டு பக்கமும் கைப்பிடி."

"ஒரு மணி நேரப் பேச்சுக்கா?"

"ஆமாங்க."

அவ்வளவுதான். காபிகூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"பெரிய ஆட்டக்காரரு, பிகு பண்ணத்தான் செய்வாரு," என்று மயில்சாமி பல்லைக் கடித்தார். ஆனாலும் பின்வாங்க முடியாத நிலைமை. விழாவுக்குக் கோயமுத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டாரை அழைத்திருந்தார். மூத்த மகளைக் கட்டிக் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் முன்னால் தலைகுனிய நேர்ந்தால் பெண்ணுக்கல்லவா பேச்சு விழும்.

வேலை தொடங்கியது. கலவை போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி சங்கிலி, சாதாரணமாகச் சொன்னான்.

"இவரு போன வருசம் குந்தாவுல ஒரு மண்டபத்துலயும் இப்படித்தானுங்க கேட்டாரு. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

"பேச்சு நல்லா இருந்துச்சா?" என்றேன்.

"எங்கீங்க. அவரு வரவே இல்லை."

மயில்சாமி திரும்பிப் பார்த்தார். "ஓ. வேலையை உனக்குப் பிடிச்சுக் குடுத்துட்டு அவரு நகர்ந்துக்கறாரா? கமிஷன் எவ்வளவு?"

"கமிஷன் குடுக்கறவன் இதை உங்ககிட்ட சொல்லுவனுங்களா?"

தேவர்சோலையில் எனக்குத் தெரிந்த கடைக்காரரைக் கேட்டேன். "இங்கயும் போடச் சொன்னாரு. அப்புறம் உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டாரு," என்றார்.

மயில்சாமி உடனே போன் போட்டார்.

"சார், கண்டிப்பா வர்றீங்கதானுங்களே?"

"கைப்பிடி ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க. நான் கேட்டது..."

"தரையை வழுவழுன்னு பூசிர வேண்டாம்னு மேஸ்திரிகிட்ட சொல்லிருங்க. மழைக்கு வழுக்கும்."

வைத்துவிட்டார்.

விழா நாள். பேனரில் சந்துரு சிரித்தார், அவருக்குச் சமமான அளவில் மயில்சாமியும் சிரித்தார். ஹால் நிரம்பி, சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சந்துரு வரவில்லை. அவருக்குப் போன் போட்டோம், யாரும் எடுக்கவில்லை.

"தலைவரே, நீங்களே பேசுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "தன்னம்பிக்கைக்கு உங்ககிட்ட என்ன குறைச்சல்?"

சம்பந்திதான் முதலில் சிரித்தார்.

கடைசியில் ஒரு பெண் போனை எடுத்தாள். மயில்சாமி அவளைப் பேச விடவில்லை.

"ஊரைக் கூட்டி வெச்சு என் மானத்தை வாங்கிட்டாரும்மா. எத்தனை ஊர்ல இந்தப் பித்தலாட்டம்?"

"அண்ணன் காலையில தவறிட்டாருங்க," என்றாள் அவள்.



அடுத்த வாரம் துக்கம் விசாரிக்க இரண்டு பேரும் மேட்டுப்பாளையம் போனோம். போனை எடுத்த தங்கை மகாலட்சுமிதான் எங்களை உட்காரச் சொன்னாள்.

"கிட்னி கெட்டு ஒரு வருசமாச்சுங்க. பேச்செல்லாம் விட்டாச்சு. மலை ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் அளக்கறதுக்கு மட்டும் வந்துருவாரு."

"பேச முடியாதுன்னு தெரிஞ்சே எதுக்கும்மா வரேன்னு சொன்னாரு?" என்று கேட்டார் மயில்சாமி.

"தப்புதானுங்க. நானும் சண்டை போட்டிருக்கேன். யாராச்சும் போன் பண்ணி, எங்க ஊர்ல இந்த இடத்துக்கு ஏற முடியலைங்கண்ணான்னு சொன்னாப் போதும். அங்கயே பேச வரேன்னு சொல்லிருவாரு. உங்க ஊர்ல இருந்து ஜெஸிந்தான்னு ஒருத்தங்க கூப்பிட்டாங்க. ரேஷன் கடைக்கு ஏற முடியலையாம். கைரேகை வெக்க ஆள் நேர்ல வந்தே ஆகணும்னு சொல்றாங்களாம்."

ரேஷன் கடை எங்கள் ஹாலுக்கு அடுத்த கதவு. ஏறிப் போவது அதே படிகளில்தான். முன்பு ஜெஸிந்தா சாய்தளம் கேட்டு வந்தபோது, மலையில் ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி மயில்சாமி அனுப்பிவிட்டார். விழாவுக்காகப் போட்டபோது யாரிடமும் எந்த அனுமதியும் அவர் கேட்கவில்லை.



சாய்தளம் இருக்கிறது. அரிசி போடும் நாளில் ஜெஸிந்தாவோடு இன்னும் மூன்று பேர் சக்கர நாற்காலியில் அதன்மேல் ஏறி வருகிறார்கள். அந்த மூன்று பேரும் எங்கள் ஊரில்தான் குடியிருக்கிறார்கள் என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.